ஒட்டுக் கட்டும் முன் கேம்பியத்தைத் தேடுங்கள்

ஒட்டு பிடிக்கவில்லை, பதியத்தில் (கிளையைச் செடியிலிருந்து வெட்டாமலே வேர்விட வைப்பது) வேரே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் கேம்பியத்தை. செடி நன்றாகத் துளிர்க்கும் சமயத்தில் ஒரு கிளையின் பட்டையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள், உள்ளே ஈரமாக வழவழவென்று தட்டுப்படுகிறதே, அந்த இடம்தான். மிக மெல்லிய இந்தப் படலத்தின் செல்கள் பிரிந்து பிரிந்து உள்பக்கம் சைலத்தையும் (வேரிலிருந்து தண்ணீர் ஏற்றுவது, மரக்கட்டை என்பதே இதுதான்) வெளிப்பக்கம் புளோயத்தையும் (இலையில் தயாரான சர்க்கரையைக் கொண்டுபோவது) உருவாக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே சேர்வதுதான் அதிகம், அதனால் கட்டை பெருக்கும் அளவுக்குப் பட்டை தடிப்பதில்லை.

சரி, ஒட்டுக்கு வருவோம். இரண்டு பக்கத்துக் கேம்பியமும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும். ஒட்டுக்குச்சி (மேலே வைத்துக் கட்டுவது) அடிச்செடியைவிட (வேரோடு கீழே இருப்பது) மெலிந்திருந்தால் நடுவில் செருகாமல் ஒரு ஓரமாகத் தள்ளி வையுங்கள், அதுவும் பட்டையின் வெளி விளிம்பைப் பார்த்து அல்ல, உள் விளிம்பைப் பார்த்து, ஏனென்றால் அடிச்செடியின் பட்டை தடிப்பாக இருக்கும், வெளியே சரியாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கேம்பியமும் தொட்டிருக்காது.

பதியத்தில் இதற்கு நேர்மாறு. பட்டையை வளையமாக எடுத்ததும் அந்த வழவழப்பையும் கத்தியால் சுரண்டிவிடுங்கள், இல்லையென்றால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது.

அப்புறம், ஒட்டு கூடியதும் நாடாவை அவிழ்க்க மறக்காதீர்கள், தண்டு பெருக்கும்போது அது உள்ளே இறங்கிப் புளோயத்தை நெரித்துவிடும்.