சம்பளம் வந்த மறுநாள்: வீட்டில் காணிக்கைக் கணக்கு நடத்தும் முறை

மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்று நினைக்கும் வீட்டில் மிச்சம் இருப்பதே இல்லை. காணிக்கையை முதலில் எடுத்து வைக்க வேண்டும், செலவு அதற்குப் பிறகு. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதும் இதைத்தான்: வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கபடி தன்னிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும், அவர் வந்து நிற்கும்போது வசூல் நடக்கக் கூடாது (1 கொரிந்தியர் 16:2).

அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டியவை சில உண்டு. வேலைக்கார அம்மாவின் சம்பளம், மளிகைக் கடைப் பற்று, கைமாற்றாக வாங்கியது ஆகிய மூன்றும் பாக்கியிருக்க, காணிக்கைக் கவரில் பணம் போடுவது சரியல்ல. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. வயதான அப்பா அம்மாவின் மருந்துச் செலவையும் காணிக்கையில் கழிக்காதீர்கள். அது உங்கள் கடமை. கொர்பான் (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

இனி, தனிக் கணக்கு. செலவுக் கணக்கிலேயே காணிக்கைப் பணமும் கிடந்தால் இருபதாம் தேதிக்குள் அது கரைந்துவிடும். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறங்கள். உங்களுக்கு ஏற்கெனவே சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியில் இதைத் தர மாட்டார்கள், வேறு வங்கிக்குப் போக வேண்டும். 500 ரூபாய் இருப்பு வைக்க முடிந்தால் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கும் போதும். சாதாரணக் கணக்கைத் திறந்து காலியாக விட்டால் சில வங்கிகளில் காணிக்கைப் பணத்தில் அபராதம் பிடித்துவிடுவார்கள். சம்பளத்துக்கு மறுநாள் பணம் தானாக இந்தக் கணக்குக்கு மாறும்படி வங்கியில் உத்தரவு கொடுங்கள். தினசரிச் செலவுக்குப் பயன்படுத்தும் ஜிபே, போன்பே செயலிகளில் இந்தக் கணக்கைச் சேர்க்காதீர்கள்.

எவ்வளவு? கையில் வருவது 40,000 என்றால் தசமபாகம் 4,000. அதில் 2,500 சபைக்கும் மிஷனெரி ஊழியத்துக்கும், 1,500 அவசர உதவிக்கு என்று பிரிக்கலாம். இரண்டாவது பங்கு இல்லாத வீடுகள்தான் அதிகம். ஆலயத்துக்கு ஒழுங்காகக் கொடுப்பார்கள், பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

வட்டிக் கடன் உள்ளவர்கள் பத்துச் சதவீதத்தில் தொடங்க வேண்டியதில்லை. மூன்று சதவீதத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு கடன் முடியும்போதும் அந்தத் தவணையில் பாதியைக் காணிக்கைக்கு மாற்றுங்கள்: 3,000 ரூபாய்த் தவணை முடிந்தால் 1,500 காணிக்கைக் கணக்குக்கு, 1,500 சேமிப்புக்கு. முடிந்த மாதமே மாற்ற வேண்டும். ஒரு மாதம் தள்ளினால் அந்தப் பணத்துக்கு வேறு செலவு முளைத்துவிடும். கடன் வாங்கியோ கிரெடிட் கார்டு தேய்த்தோ கொடுக்கவே வேண்டாம். நூறு மடங்கு திரும்பி வரும், இப்போதே அனுப்புங்கள் என்று டி.வி.யில் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்ற வசனம் (2 கொரிந்தியர் 9:7) கேட்பவரையும் கட்டுப்படுத்தும்.

இதில் கடினமான பகுதி செலவுக்கு உச்சவரம்பு கட்டுவது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் பிரசங்கம் ஒன்றில் ஆக்ஸ்போர்டு வாலிபர் ஒருவரின் கணக்கைச் சொல்கிறார். அது வெஸ்லியின் சொந்தக் கணக்கே என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் ஆண்டு வரவு 30 பவுண்டு, 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. அதே 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. வரவு நான்கு மடங்கானபோதும் வாழ்க்கைச் செலவு நகரவில்லை.

நம் வீடுகளில் அரிசி விலையும் பள்ளிக் கட்டணமும் ஏறுவதால் அப்படியே செய்ய முடியாது. மூன்று மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதி, சராசரி எடுத்து, அதையே வரம்பாக வையுங்கள். விலைவாசிக்காக ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உயர்த்துங்கள். சம்பள உயர்வு 4,000 என்றால், விலையேற்றத்துக்குப் போக மிஞ்சுவதில் பாதியாவது காணிக்கைக்குப் போகட்டும். வரம்பை உடைப்பது பெரும்பாலும் அன்றாடச் சாப்பாடு அல்ல. கல்யாண வீட்டு மொய், புது போன், கிறிஸ்துமஸ் துணி, நகைச்சீட்டு ஆகியவைதான். டிசம்பர் செலவு 18,000 ஆகும் என்றால் ஜனவரியிலிருந்தே மாதம் 1,500 ஒதுக்குங்கள். ஆலயத்தில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் ஒரு தொகையை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள். ஏலம் சூடு பிடிக்கும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கேட்ட தொகை அடுத்த மாத வாடகையில் இடிக்கும்.

உதவி கேட்டு வருகிறவருக்குக் கடனாகக் கொடுக்காதீர்கள். 20,000 கேட்கிறார், உதவிக் கணக்கில் 4,000 இருக்கிறது என்றால், அந்த 4,000-ஐத் திரும்பக் கேட்காத பணமாகக் கொடுங்கள். கடனாகக் கொடுத்தால் பணமும் வராது, அவர் உங்களைப் பார்த்து ஒதுங்கிப்போவார், ஆராதனைக்கு வருவதையும் நிறுத்திவிடக்கூடும். பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளியிலேயே பிள்ளை பெயரில் கட்டி ரசீதை வீட்டாரிடம் கொடுங்கள். போட்டோ வேண்டாம், சபையில் அறிவிப்பும் வேண்டாம் (மத்தேயு 6:3).

பணம் குறைவாக உள்ள வீட்டுக்குக் கைப்பிடி அரிசி நல்ல முறை. மிசோரம் பெண்கள் 1910 வாக்கில் தொடங்கி இன்றுவரை இப்படிச் சபைக்குக் கொடுத்துவருகிறார்கள். உலை வைக்கும்போது, அரிசியைக் கழுவுமுன் ஒரு பிடி எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். ஒரு பிடி ஏறக்குறைய 45 கிராம். இரண்டு வேளைக்கு மாதம் இரண்டரை கிலோவுக்கு மேல் சேரும். ஈரக்கையால் எடுத்தால் பூஞ்சை பிடிக்கும். வண்டு வராமல் இருக்க நான்கு காய்ந்த மிளகாய் போடுங்கள். புழுங்கலையும் பச்சரிசியையும் கலக்காதீர்கள், வாங்குகிறவர் சமைக்கச் சிரமப்படுவார். மாதம் ஒருமுறை டப்பாவைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும்.

வருமான வரியில் கழிவு எதிர்பார்ப்பவர்களுக்கு: 80ஜி பதிவு பெற்ற தொண்டு நிறுவனமாக இருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இல்லை. ஆலயக் காணிக்கைக்குப் பொதுவாக இது பொருந்தாது.

டிசம்பர் கடைசி வாரத்தில் காணிக்கைக் கணக்கைக் குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். அவசர உதவிக்கு இரண்டு மாதப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை ஜனவரிக்குள் கொடுத்து முடியுங்கள். யாருக்கு என்பதைப் பிள்ளைகளும் சொல்லட்டும்.