காரைக்குடியில் மீன் சாப்பிடக் கிழமை பார்த்துப் போங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "காரைக்குடியில நல்ல மீன் சாப்பாடு எந்தக் கடையில?" என்றுதான். நான் கடைப் பெயர் சொல்வதில்லை. "எந்த மாசம் போறே? என்ன கிழமை அங்கே இருப்பே?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவர்களுக்கு எரிச்சல் வரும். போய்ச் சாப்பிட்டு வந்தபிறகு புரிந்துகொள்வார்கள்.

காரைக்குடிக்குக் கடல் கிடையாது. தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி சுமார் 60 கிலோமீட்டர். வடக்கே அறந்தாங்கி வழியாகப் போனால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். செட்டிநாட்டு இலையில் விழும் கடல் மீனில் பெரும்பகுதி இந்தப் பாக் நீரிணைக் கரையிலிருந்து வருவது. இந்தப் பகுதி வணிகச் சமூகமான நகரத்தாரின் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வணிகம் செய்தவர்கள், அங்கிருந்துதான் இந்த வறண்ட சீமைக்கு வந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். துறைமுகம் கைவிட்டுப் போனாலும் அடுப்படியில் சுறாவும் நண்டும் இறாலும் இருக்கின்றன.

இனி கிழமைக் கணக்கு. பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலை கரை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளின் முறை. எனவே செவ்வாய், வியாழன், ஞாயிறு மதியம் காரைக்குடியில் மீன் சாப்பிட்டால் அன்று காலை கரையேறிய மீன் கிடைக்க வாய்ப்பு அதிகம். நாட்டுப்படகு மீன் அளவில் குறைவு, ஆனால் எனக்கு அதுதான் ருசி. (யாழ்ப்பாணத்து நண்பர்கள் இந்தப் பத்தியைப் படித்தால் முகம் சுளிப்பார்கள். நம் பக்கத்து இழுவைப்படகுகளால் வலை அறுபட்டது அவர்கள் ஊர் மீனவர்களுக்குத்தான். நியாயமான கோபம்.)

மாதக் கணக்கு இன்னும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் அசையாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை ஏறியிருக்கும். மிச்சமெல்லாம் கேரளப் பக்கத்திலிருந்து ஐஸில் படுத்து வரும் மீன். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு மே மாதம் வருகிறவர்கள் இதில் சரியாக மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டினேன். ஒரு மே மாத இரவு, திருச்சியிலிருந்து வரும் வழியில், பளபளவென்று விளக்குப் போட்ட ஒரு கடையில் வஞ்சிரம் வறுவல் சொன்னேன். மசாலா செக்கச்செவேல் என்று இருந்தது. மசாலாவை விலக்கியபிறகுதான் வாடை வந்தது. விட்டிருக்கலாம், காசு கொடுக்கிறோமே என்று சாப்பிட்டேன். மறுநாள் பிள்ளையார்பட்டிக்கு எல்லோரும் போக, நான் வீட்டுத் திண்ணையில் எலக்ட்ரால் குடித்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் வருகிறவர்கள் ஆட்டுக்கறியும் கோழியும் சாப்பிடுங்கள், மீனை விட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு யோகம். தடை முடிந்து படகு போன புதிதில் இறால் நன்றாகப் படும். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான மாதம் புரட்டாசி. ஊரில் பாதிப் பேர் கவிச்சி தொடமாட்டார்கள், மீன் விலை இறங்கும், மெஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்தால் போங்கள். சம்மதிக்காவிட்டால் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் சேர்ந்தால் படகு போகாது. அந்த வாரம் மீன் ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

சாப்பிடும் இடம் மெஸ்தான். பழைய பஸ் ஸ்டாண்டு, செக்காலை ரோடு பக்கம் சுற்றினால் வாசலில் சைக்கிளும் காரும் கலந்து நிற்கும் கடைகள் தெரியும். அங்கே நுழையுங்கள். பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டரைக்குப் போனால் குழம்பில் மீன் இருக்காது, மீன் நீந்திய நினைவு மட்டும் இருக்கும். சாப்பாடு சொன்னால் கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு என்று ஊற்றிக்கொண்டே வருவார்கள். அது சாப்பாட்டு விலையிலேயே சேர்ந்தது. அதில் துண்டு எதிர்பார்க்கக் கூடாது. வறுவல்தான் தனிக் கணக்கு. பெரிய தட்டில் காடை, சுக்கா, நண்டு, வஞ்சிரம் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வந்து கண்முன்னே நீட்டுவார்கள். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் இரண்டு முறை நீட்டுவார்கள். எடுத்து வைக்கும் முன் விலையைக் கேளுங்கள். இதில் கூச்சம் எதற்கு? பக்கத்து இலைக்காரரும் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்.

விலைக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "அண்ணே, இன்னிக்கு என்ன மீன் வந்துச்சு?" "எல்லாமே இருக்கு சார்" என்று பதில் வந்தால் கோழி வறுவல் சொல்லிவிடுங்கள். "சங்கராதாண்ணே வந்துச்சு, பாறை ரெண்டு துண்டு கெடக்கு" என்று வந்தால் அந்த இரண்டு துண்டையும் கேட்டு வாங்குங்கள். இல்லாததை இல்லை என்று சொல்கிற கடையில் இருப்பது நல்லதாக இருக்கும்.

வெளிநாட்டில் இருந்து இருந்து நமக்கு மீன் என்றால் வஞ்சிரம் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. முள் எடுக்கும் பழக்கம் போய்விட்டது. இந்தக் கரையின் சிறப்பே சின்ன மீன்தான். நகரை, ஓரா, காரல், கிழங்கான். கடல்புல் மண்டிய ஆழமில்லாத கடல் இது. கடற்பசுவுக்கென்று 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் அரசு பாதுகாப்பகமாக அறிவித்ததும் இந்தப் புல்லை நம்பித்தான். ஓரா அந்தப் புல்லை மேய்ந்து வளர்கிற மீன். முதுகு முள் குத்தினால் கடுக்கும், ஆனால் குழம்பில் அதற்கு இணை கிடையாது. நண்டும் இங்கே நீலக்கால் நண்டு. உடைத்துச் சாப்பிட நேரம் ஒதுக்குங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

என்ன சொல்லிச் சாப்பிடுவது? முதலில் "செட்டிநாடு" என்ற வார்த்தையை மறந்துவிடுங்கள். கோலாலம்பூரிலும் லண்டனிலும் அந்தப் பெயரில் போடுவது மிளகாய்த்தூள் குளியல். இங்கே வீட்டில் யாரும் எதையும் செட்டிநாடு என்று சொல்வதில்லை, மீன்குழம்பு மீன்குழம்புதான். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாக வதங்கி, புளி கரைத்து ஊற்றி, தேங்காயும் சோம்பும் அரைத்துச் சேர்த்தது. காரம் உண்டு, ஆனால் சோம்பும் மிளகும் வாசனையாக முன்னால் நிற்கும், மிளகாய் பின்னால் வரும். அதே குழம்பு மறுநாள் காலை இட்லிக்கு இன்னும் நன்றாக இருக்கும். சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்கள் முதல்நாள் இரவே, "அத்தை, கொஞ்சம் எடுத்து வைங்க" என்று சொல்லி வைக்கலாம்.

சுறாப்புட்டு கிடைத்தால் விடாதீர்கள். சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, தண்ணீரைப் பிழிந்து, வெங்காயம் பூண்டு பச்சைமிளகாயோடு பொலபொலவென்று வதக்குவது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுப்பது. எல்லா மெஸ்ஸிலும் தினமும் இருக்காது, காலையிலேயே போன் போட்டுக் கேட்டால் நல்லது. நண்டு ரசம் சளிக்கு மருந்து என்பார்கள். விமானத்து ஏசியில் மூக்கு அடைத்து வந்திறங்கியவர்களுக்கு முதல் நாளே இது.

ஒரு நாள் கையில் இருந்தால் கார் பேசிக்கொண்டு விடியற்காலை தொண்டிக்குப் போய் வாருங்கள். பழைய பாண்டிய நாட்டுத் துறை. இப்போது சின்ன ஊர், ஏலம் நடக்கிற கரையில் வலை, ஐஸ், கூச்சல். மரைக்காயர் காலத்துக் கடல் வணிகம் பழகிய ஊர் என்பதால் பிரியாணியும் நன்றாக இருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் பல கடைகள் அடைத்திருக்கும், மாலை நோன்புக் கஞ்சி நேரத்துக்குப் போங்கள். ஏலத்தில் நீங்களே மீன் வாங்க ஆசைப்படாதீர்கள். அங்கே விலை சொல்கிற வேகம் நமக்குப் பிடிபடாது. கூடவே டிரைவர் அண்ணனை அனுப்பினால் இரண்டு கிலோ நண்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார். தங்கும் வீட்டில் சமைக்க ஆள் இருந்தால் அந்த மதியச் சாப்பாட்டை எந்தக் கடையும் ஜெயிக்க முடியாது.

கண்மாய் மீனையும் சொல்லிவிடுகிறேன். மாசி முதல் வைகாசி வரை சிவகங்கைச் சீமையில் கண்மாய் வற்ற வற்ற ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். துண்டு வீசிச் சைகை காட்டினால் ஊத்தா, கச்சா என்று மீன்பிடிக் கருவிகளோடு மொத்தச் சனமும் சேற்றில் இறங்கும். விரால், கெண்டை, கெளுத்தி. கடல் தடைக்காலத்தில் மீன் சாப்பிட்டே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு வழி இதுதான். விரால் குழம்பு கடல் மீன் குழம்பைவிடச் சாந்தமானது. சேற்று வாடை பிடிக்காதவர்கள் தள்ளியே இருக்கலாம்.

பணம் கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால் காரைக்குடி 'பங்களா'வில் இலைச் சாப்பாடு. தங்காதவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிடலாம். கானாடுகாத்தான் பக்கம் தங்குகிறவர்களுக்கு 'விசாலம்' போன்ற பழைய வீட்டு விடுதிகளிலும் உண்டு. பரிமாறுவது அழகு, காரம் கொஞ்சம் அடக்கி இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. மெஸ்ஸின் சத்தம் அங்கே இருக்காது. அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் கூட வருகிறவர்களைப் பொறுத்தது.

இரவில் மீன் வேண்டாம். காலையில் வந்ததன் மிச்சம்தான் அது. இரவுக்கு இடியாப்பமும் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் போதும். கையில் ரொக்கம் இருக்கட்டும். கடைக்குக் கடை கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது, ஆனால் இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை. சின்ன மெஸ்ஸில் வெளிநாட்டுக் கார்டை நீட்டினால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

கிளம்பும்போது கருவாடு வாங்காமல் யாரும் வருவதில்லை. நெத்திலியும் சீலாவும் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, மூன்று உறை போட்டு, கடைசியில் பழைய வேட்டியில் சுற்றுங்கள். புதுப் பட்டுச்சேலை இருக்கிற பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் இறங்குமுன் நிரப்பும் பயணி அறிவிப்பில் உணவுப்பொருள் இருக்கிறது என்று எழுதியே ஆக வேண்டும். நீங்கள் எழுதாவிட்டாலும் அங்கே இருக்கிற நாய் சொல்லிவிடும்.