வலிக்காத ஈறு, சிவந்த நுரை

பல் தேய்த்துத் துப்பும்போது நுரை லேசாகச் சிவந்திருந்தது. வலி இல்லை, பல்லும் ஆடவில்லை. பற்பசையை மாற்றினேன், பயனில்லை. உப்பு நீரில் கொப்பளித்தால் அப்போதைக்கு இதம், மறுநாள் காலை பழைய கதைதான். மென்மையான பிரஷ் வாங்கியதும் சிவப்பு குறைந்தது, நிற்கவில்லை. வைட்டமின் மாத்திரையும் வீண்.

துப்புக் கொடுத்தது பல் இடுக்கில் விடும் நூல். கீழ் முன்பற்களில் மட்டும் அது சிவந்து வந்தது, முகர்ந்தால் நாற்றம். சிறு கண்ணாடியை வாய்க்குள் சாய்த்து, யாரும் பார்க்காத நாக்குப் பக்கத்தைப் பார்த்தேன். இரு பற்களுக்கு நடுவே கூராக இருக்க வேண்டிய ஈறு உப்பி, மழுங்கி, பளபளவென்று கருஞ்சிவப்பாக இருந்தது. அதையொட்டி மஞ்சள் காரை. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அதற்கருகில்தான் திறக்கிறது. அதனால் அங்கே காரை சீக்கிரம் படியும். இறுகிய பிறகு எந்த பிரஷுக்கும் அசையாது.

பல் மருத்துவர் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் ஆழத்தை அளந்தார். 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு, எனக்கு அங்கே 4. எக்ஸ்ரேயில் எலும்பு தேயவில்லை. காரையைச் சுரண்டி எடுத்தார். பிறகு இரவுதோறும் பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் சிறு பிரஷ். தொடக்கத்தில் இரத்தம் கூடுதலாகவே வந்தது; பலர் பயந்து நிறுத்திவிடுவது இங்கேதான். விடாமல் தேய்த்ததில் நுரை வெள்ளையானது. அப்பாடா!

புகைபிடிப்பவர்களுக்கு இந்தச் சிவப்பே தெரியாமல் போகலாம். புகை ஈறுகளின் இரத்தக் கசிவைக் குறைத்து அறிகுறியை மறைத்துவிடும். அவர்கள் வீக்கத்தையும் நாற்றத்தையும்தான் கவனிக்க வேண்டும்.