தோட்டப் பட்டணத்தில் இலவச உணவும் மளிகையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற ஊரில் சாப்பாடு கொடுக்க முன்வருபவர்களுக்குக் குறைவில்லை. கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், முன்னாள் மாணவர் சங்கம், பிள்ளையின் பிறந்தநாளுக்கு நூறு பொட்டலம் போட வருகிற கடைக்காரர் என்று பலர் இருக்கிறார்கள். இவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. கொடுப்பவருக்குத் தோதான நாள், கொடுப்பவருக்குத் தெரிந்த பொருள் என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். வாங்குபவரின் சம்பளத் தேதி, வேலை நேரம், வீட்டு அடுப்பு, உடம்பு இவற்றைக் கேட்ட பிறகே திட்டம் போட வேண்டும்.

தேதி தவறினால் பாதி உதவி வீண்

மாதம் பிறந்ததும் மளிகை கொடுப்பது பலருக்கு வழக்கம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். அந்த வாரம் வீட்டில் அரிசி இருக்கும். 20ஆம் தேதிக்கு மேல்தான் கடையில் கணக்கு எழுதி வாங்கத் தொடங்குவார்கள். ஆகவே 18லிருந்து 22க்குள் கொடுங்கள்.

ஆண்டுக் கணக்கிலும் இதே சிக்கல். தீபாவளி வாரத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று தரப்பிலிருந்து அரிசி வரும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்த்துப் பால் குறையும்போது யாரும் வர மாட்டார்கள். ஆண்டிறுதி மழையில் பால் வெட்டு நின்றுபோகும் நாள்களும் அப்படித்தான். பங்குக்கோ குத்தகைக்கோ ரப்பர் பால் வெட்டுபவருக்கு வெட்டில்லாத நாள் என்றால் வருமானம் இல்லாத நாள். பள்ளி விடுமுறையையும் மறக்கக் கூடாது. பள்ளியில் ஆர்.எம்.டி. எனும் துணை உணவுத் திட்டத்தில் இலவசமாகச் சாப்பிடும் பிள்ளைக்கு விடுமுறையில் அந்த ஒரு வேளை கிடையாது. தீபாவளிக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது எடுத்து வையுங்கள். அதை அரிசியாக வாங்கி அடுக்கினால் வண்டு விழும். மளிகைக் கடையில் முன்பணமாகக் கட்டி, வேண்டிய மாதத்தில் பொருளாக எடுப்பது நல்லது.

சமைத்த சாப்பாடு

இங்கேதான் உயிருக்கு ஆபத்தான தவறு நடக்கிறது. விடியற்காலை 5 மணிக்குச் சமைத்து, 8 மணிக்குக் கட்டி, ஆட்கள் வெட்டுக்காட்டிலிருந்து திரும்பும் 1 மணிக்குக் கையில் கொடுத்தால், சோறு எட்டு மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்திருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் வரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. ஆறும்போது அது முளைத்து உண்டாக்கும் நஞ்சைத் திரும்பச் சூடாக்கினாலும் போக்க முடியாது. வாசனையிலும் தெரியாது.

விநியோக நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 12.30க்குக் கொடுப்பதென்றால் அடுப்பிலிருந்து 10.30க்கு இறக்கி 11.30க்குள் கட்டி முடியுங்கள். பொட்டலத்தின் மேல் "சமைத்தது 10.30, 2.30க்குள் சாப்பிடவும்" என்று எழுதுங்கள். இரவுக்கு எடுத்து வைப்பவர்களுக்கு இந்த ஒரு வரிதான் எச்சரிக்கை. சாம்பாரைச் சோற்றின் மேல் ஊற்றாமல் தனிப் பையில் கட்டுங்கள். தேங்காய்ப் பால் சேர்த்த குழம்பு சீக்கிரம் கெடும், வெளியூர் லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அனுப்பும் நாளில் அது வேண்டாம். புளிச்சோறு, பருப்பு, பொரியல் போதும்.

நூறு பேருக்கு அரிசி 10 முதல் 12 கிலோ, பருப்பு 3 கிலோ, காய்கறி 8 கிலோ, கோழி என்றால் 10 முதல் 12 கிலோ. "மீந்தாலும் பரவாயில்லை" என்று 15 கிலோ அரிசி போடுவதால்தான் மாலைவரை பழைய சோறு சுற்றுகிறது. சமைப்பவர்கள் எல்லாருக்கும் டைபாய்டு ஊசி வேண்டும், அது மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். உணவு கையாளுவோர் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். கொடுத்தவர் மீது வழக்கு வராமல் காக்க 2020ஆம் ஆண்டு உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. கையை விட்டுப் போகும்போது உணவு சாப்பிடத் தகுந்ததாக இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு.

மளிகைப் பை

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு: அரிசி 10 கிலோ, பருப்பு 1 கிலோ, கோதுமை மாவு 2 கிலோ, எண்ணெய் 2 கிலோ, முட்டை ஒரு தட்டு, வெங்காயம் 2 கிலோ, நெத்திலி அரை கிலோ, சார்டின் நான்கு டின், உப்பு, தேயிலை. இதற்கு மேல் சீனி 3 கிலோ, இனிப்பு டின் பால், மீ (நூடுல்ஸ்) பாக்கெட் என்று நிரப்புவது மலிவான வழி, ஆனால் கெடுதலானது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. அந்தப் பணத்தில் இன்னொரு தட்டு முட்டை வையுங்கள். டின் பாலைக் கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் வீடு இன்னும் உண்டு என்பதால் குழந்தை உள்ள வீட்டுப் பையில் அதை அறவே வைக்காதீர்கள்.

எண்ணெயில் ஒரு கவனம். அரசு மானியத்தில் 1 கிலோ பாக்கெட் 2.50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறதே என்று நூறு நூறாக அள்ளினால், ஊர்க் கடையின் அலமாரி காலியாகி, உங்கள் பட்டியலில் இல்லாத ஏழை வெறுங்கையோடு திரும்புவார். பாட்டில் எண்ணெய் வாங்குங்கள்.

சவர்க்காரத் தூளை அரிசிப் பையில் போடாதீர்கள், வாசனை அரிசியில் ஏறிவிடும். உப்பிய டின்னும் விளிம்பு நசுங்கிய டின்னும் குப்பைக்கு. இந்தப் பை மொத்தம் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். தனியாக வாழும் பாட்டியால் பேருந்து நிறுத்தத்திலிருந்து அதைத் தூக்க முடியாது, அவருக்குப் பாதி அளவு, வீட்டு வாசலில். கேஸ் தோம்பு (சிலிண்டர்) தீர்ந்து கிடக்கும் வீட்டில் அரிசி கொடுத்து என்ன பயன் என்பதையும் கேட்டுப் பாருங்கள். முஸ்லிம் அண்டை வீட்டாருக்குக் கோயில் சமையலைவிட ஹலால் முத்திரை உள்ள உலர் பொருள்தான் மரியாதையான உதவி.

பெயர்ப் பட்டியலும் புகைப்படமும்

மைக்கார்டு (குடிமக்கள் அடையாள அட்டை) நகல் கேட்டு வரிசை போட்டால் முதலில் வெளியேறுபவர், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவரும், பிறப்புப் பத்திரமே இல்லாதவரும். உதவி அதிகம் தேவைப்படுபவர்கள் அவர்கள்தான். பெயர், லயத்து எண், வீட்டில் எத்தனை பேர், இந்த மூன்றும் போதும். மண்டோரிடமோ (தோட்ட மேற்பார்வையாளரிடமோ) ஒரே தலைவரிடமோ பட்டியலை விட்டால் அவர் உறவுக்காரர் வீடுகள் முதலில் வரும். கடைக்காரர், பள்ளி ஆசிரியர், கிளினிக் தாதி என்று மூவரிடம் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள்.

பையை நீட்டிப் படம் எடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் படம் அடுத்த நாள் அந்த வீட்டுப் பிள்ளையின் வகுப்பில் சுற்றும், அதற்கடுத்த மாதம் அந்தத் தாய் வர மாட்டார். நன்கொடையாளருக்குக் கணக்கு வேண்டுமென்றால் கடை ரசீதும் அடுக்கி வைத்த பைகளின் படமும் கொடுங்கள். தெருவில் உண்டியல் பிடிப்பதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும், அதையும் முன்கூட்டியே வாங்குங்கள்.

அடுத்த மாதப் பட்டியல் எழுதும் முன் ஐந்தாறு வீடுகளில், போன பையில் எது தீராமல் கிடக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் மாவு என்பார்கள். அதைக் குறைத்து, எது முதலில் தீர்ந்ததோ அதைக் கூட்டுங்கள்.