திரும்பக் கட்டிய மொரிஸ் மைனர் எஞ்சின்: பலத்தைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் பழைய மொரிஸ் மைனரின் எஞ்சினைப் பிரித்துக் கட்டியதும், கைநூலைப் பார்த்து "37 குதிரைவலு" என்று சொல்லிவிடுகிறார்கள். 948 சிசி எஞ்சினுக்கு அது சரியான கணக்குதான். ஆனால் அது 4750 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று), எஞ்சினில் அளந்தது. கியர்பொக்ஸும் பின் அச்சும் தின்றது போகத்தான் சக்கரத்துக்கு வரும். கல்முனை வீதியில் அந்த ஆர்பிஎம்முக்கு யார் ஓட்டுகிறார்கள்? 2500 ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்தாலும் அந்த எஞ்சின் தருவது ஏறக்குறைய 24 குதிரைவலு. அன்றாட ஓட்டத்தில் எஞ்சின் தருவது அவ்வளவுதான், சக்கரத்துக்கு அதிலும் குறைவு.

போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டால் பலம் எகிறும் என்பது இன்னொரு நம்பிக்கை. விட்டத்தை 0.060 அங்குலம் பெரிதாக்கினாலும் 948 சிசி ஏறத்தாழ 994 ஆகும், அதாவது 5 வீதம். ஹெட்டும் (சிலிண்டரின் மேல்மூடி) கார்புரேட்டரும் பழையபடியே இருந்தால் மேல் ஆர்பிஎம்மில் அதுவும் முழுதாகக் கிடைக்காது. நம் வெயிலையும் கணக்கில் எடுங்கள். 15 பாகைக் காற்றை விட 33 பாகைக் காற்று 6 வீதம் அடர்த்தி குறைந்தது. நடுப்பகலில் இழுவை குறைந்தால் மெக்கானிக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

எல்லாவற்றையும் விட மோசமானது அவசரம். புது பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்துவதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்து மனமுடைந்து போகிறார்கள். முதல் 800 கிலோமீற்றராவது ஓடட்டும். அப்புறம் எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலரேட்டரை முழுதாக மிதித்து அளவுங்கள். மிதிக்காமல் அளந்தால் காற்று உள்ளே போகாது, அளவு குறைத்துத்தான் காட்டும். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 வீதத்துக்குள் இருந்தால் வேலை சரி. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் கோளாறு ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

ஓட்டிப் பார்ப்பதென்றால் பழைய ஸ்பீடோமீற்றரை நம்பாமல் போனின் ஜிபிஎஸ்ஸை வையுங்கள். டொப் கியரில் 40இலிருந்து 60 கிலோமீற்றர் வேகத்துக்கு வர எத்தனை வினாடி? அதே ஆட்கள், அதே வீதி, போகும்போதும் வரும்போதும் எடுங்கள், இல்லாவிட்டால் கடற்காற்று ஏமாற்றிவிடும். சமதரையில் நன்றாக ஓடியது என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போய், பிபிலைக்கு அப்பால் லுணுகலை ஏற்றத்தில்தான் சூடேறுவதும் எஞ்சின் தட்டுவதும் (உள்ளே டக்டக்கென்று சத்தம் வருவதும்) தெரியும். தட்டினால் உடனே அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஒக்டேன் 92 பெற்றோலைக் குறை சொல்லுமுன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பாருங்கள்.