இங்கிலாந்தில் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கிவைக்க

எங்கள் தண்டையார்பேட்டைச் சபையில் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. என் அக்காவும் அப்படித்தான். அத்தானை அவர்கள் ஊர் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்தபின், பக்கத்து இடம் தனக்கு வேண்டும் என்றாள். துறைமுக அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் என்பதால், மனுவைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது.

சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஆலயங்களுக்கு மட்டுமே நான் சொல்வது பொருந்தும். நகராட்சிக் கல்லறை என்றால் கதை வேறு. அங்கே அடக்க உரிமையைப் பணம் கட்டி வாங்கலாம்.

“எங்கள் ஆலயத்தின் ஆயர் சரி என்று சொல்லிவிட்டார்” என்று அக்கா நிம்மதியாக இருந்தாள். அந்த வாக்கு, பஸ் சீட்டில் துண்டு போடுவது போலத்தான். ஆயர் மாறினால் வாக்கும் போயிற்று. இடத்தை ஒதுக்கும் அதிகாரம் அந்த மறைமாவட்டத்தின் சான்சலர் என்ற திருச்சபை நீதிபதிக்கு மட்டுமே உண்டு. அவர் தரும் ஆணைக்கு ஃபேகல்டி என்று பெயர்.

எல்லோருக்கும் இது தேவையா? அந்தப் பங்கின் (அந்த ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) எல்லைக்குள் குடியிருப்பவர், அங்கே இறப்பவர், அந்தச் சபையின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர் ஆகியோருக்குத் தோட்டத்தில் இடம் இருக்கும்வரை அடக்க உரிமை தானாகவே உண்டு. எந்த மதத்தவர் என்பதும் தடையில்லை. ஆனால் எந்த இடம் என்பதை ஆயரே முடிவு செய்வார். அத்தானுக்கு அடுத்த குழி வேறொருவருக்குப் போகலாம். அதைவிடப் பெரிய சிக்கல், வயதான காலத்தில் அக்கா மகளோடு வேறு ஊருக்குக் குடிபோனால் உரிமையே கைவிட்டுப் போகலாம். மனுவில் இந்தக் காரணத்தைத்தான் அழுத்தி எழுதச் சொன்னேன். “ஆசைப்படுகிறேன்” என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இது எடுபடும்.

மனு மறைமாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும், இணையத்திலும் போடலாம். இடத்தைக் குறித்த தோட்ட வரைபடம் வேண்டும். பங்குச் சபைக் கவுன்சிலின் கருத்தும் கேட்கப்படும். நம் குருசேகரக் கமிட்டிதான் அங்கே அந்தப் பெயரில் இருக்கிறது. இடம் குறைவு என்பதால் ஒதுக்கீட்டையே எதிர்க்கும் கவுன்சில்கள் உண்டு. அந்தக் கருத்து சான்சலரைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடை அதிகம். ஆகவே முதலில் அவர்களிடம் பேசிவிட்டு எழுதுங்கள். பிறகு 28 நாள் ஆலயத்தில் பொது அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் அதற்குள் எழுதலாம்.

மனுவுக்கான கட்டணம் தனிக் கட்டண விதியால் நிர்ணயிக்கப்படுவது. ஆயரிடம் பேரம் பேசிப் பயனில்லை. அடக்கத்தின்போது கட்டுவது வேறு கணக்கு.

ஆணை வந்ததும் காலவரம்பைப் பாருங்கள். பெரும்பாலும் இத்தனை ஆண்டு என்று எல்லை இருக்கும். நிலம் நமக்குச் சொந்தமாவதில்லை. தோட்டத்தின் வரைபடத்தில் இடம் குறிக்கப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். நகல் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அடக்க நாளில் அலைபவர்கள் அவர்கள்தானே.

கல்லறைக் கல்லுக்குத் தனி அனுமதி வேண்டும். காசிமேட்டுக் கல்லறையில் பார்க்கிற பளபளக்கும் கறுப்பு கிரானைட்டை மனதில் வைத்து யாரும் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். பல மறைமாவட்டங்களின் விதிகள் அதை ஏற்பதில்லை.