பேக்கேஜ் எப்போது கேள்வி கேட்கலாம்?
டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) செய்கிறீர்களா? நிறுவும்போது பயனரிடம் கேட்கும் கேள்வி ஒன்றைச் சேர்ப்பதற்கு முன், அதற்கான பதிலை பேக்கேஜின் ஸ்கிரிப்டே கண்டுபிடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் கேட்கவே வேண்டாம். பெரும்பாலானோருக்குப் பொருந்தும் பதில் ஒன்று இருந்தால் அதையே போட்டுவிட்டு, கேள்வியை டெப்கான்ஃபில் (இந்தக் கேள்விகளைக் கேட்கும் டெபியன் கருவி) 'மீடியம்' அல்லது 'லோ' முன்னுரிமையில் வையுங்கள். வழக்கமான அமைப்பில் 'ஹை', 'கிரிட்டிக்கல்' இரண்டும்தான் திரைக்கு வரும். பதில் இல்லாவிட்டால் சிஸ்டமே கெட்டுப்போகும் என்றால் மட்டும் 'கிரிட்டிக்கல்'.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ச் சங்கக் கணினியில் யாரோ அப்கிரேட் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட, பாதியில் ஒரு கேள்வி திரையில் காத்துக் கிடக்க, அந்த நேரம் பார்த்து லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் பேக்கேஜ்கள் அரைகுறையாக நிற்கும். பாவம், மறுநாள் வருகிறவர் என்ன செய்வார்? அதனால் கேள்வியை 'கான்ஃபிக்' ஸ்கிரிப்டில் வையுங்கள், பேக்கேஜைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டு முடித்துவிடலாம். பிரித்த பிறகு ஓடும் 'போஸ்ட்இன்ஸ்ட்' ஸ்கிரிப்ட் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டால் போதும்.

அப்புறம், அப்கிரேடில் பழைய கேள்வியையே திரும்பக் கேட்காதீர்கள். பயனர் கையால் திருத்திய கோப்பை அழித்து எழுதுவது பெரிய தவறு. வெறும் தகவல் என்றால் பேக்கேஜோடு வரும் 'நியூஸ்.டெபியன்' என்ற அறிவிப்புக் கோப்பில் எழுதுங்கள். வெளியிடும் முன் 'நான்இன்டராக்டிவ்' முறையில் (எந்தக் கேள்வியும் கேட்காமல்) ஒருமுறை நிறுவிப் பாருங்கள்.